காவலுக்கும் வேண்டும் நெறி

நுழையும்முன்

மருத்துவமனை, வங்கி, வானூர்தி நிலையம், பங்குச்சந்தை எனப் பொதுவாழ்வைத் தாங்கும் இடங்களில் எல்லாம் இன்று கணினிகளே பணியாற்றுகின்றன. அக்கணினிகளைக் கண்காணிக்கும் பொறுப்பும் மென்பொருள்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவை எதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் தெரிவிக்க வேண்டும், எதுவரை செயல்படலாம் என வரையறுப்பதே கண்காணிப்புக் கொள்கை. அதன் இன்றியமையாமையை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

ஓர் ஊருக்குக் காவலர் ஒருவரை அமர்த்தியதாலேயே அவ்வூர் பாதுகாப்புப் பெற்றுவிடாது. அவர் எந்தெந்தத் தெருக்களைச் சுற்றிவர வேண்டும், ஐயத்திற்குரிய ஒன்றைக் கண்டால் யாரை எழுப்ப வேண்டும், எந்தெந்தக் கதவுகளைத் திறக்க அவருக்கு உரிமை உண்டு என்பன முன்னரே முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அவர் உறங்கிவிட்டால் அதனை அறிவதற்கும் ஒரு வழி வேண்டும். இவ்வரையறைகள் இல்லாத காவல், பாதுகாப்பு உண்டு என்ற எண்ணத்தைத் தருமேயன்றிப் பாதுகாப்பைத் தராது. கணினி உலகிற்கும் இது பொருந்தும். கண்காணிப்பு மென்பொருளை விலை கொடுத்து வாங்குவதில் நிறுவனங்கள் காட்டும் ஆர்வம், அதற்கான நெறிகளை வகுப்பதில் காணப்படுவதில்லை. அண்மைக் காலத்தின் பெரும் கணினி விபத்துகள் சிலவற்றை ஆராய்ந்தால், காவல் இல்லாமையைவிட, காவலுக்கு நெறி இல்லாமையே கேடு விளைத்தது என்பது புலனாகும்.

முகவரும் கொள்கையும்

நூற்றுக்கணக்கான சேவையகங்களைக் கொண்ட ஒரு நிறுவனத்தில், ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் அமர்ந்து கவனித்தல் இயலாது. எனவே, ஒவ்வொரு சேவையகத்திலும் ஒரு சிறு மென்பொருள் நிறுவப்படுகிறது. இதற்கு முகவர் என்று பெயர். செயலியின் சுமை, நினைவகத்தில் எஞ்சியுள்ள இடம், வட்டு நிரம்பியுள்ள அளவு, உள்நுழைந்தோர் பற்றிய பதிவு, இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள் ஆகியவற்றை இது தொடர்ந்து திரட்டி, நடுவில் அமைந்த மேலாண்மைக் கணினிக்கு அனுப்புகிறது. பாதுகாப்பிற்கென்றே அமைந்த முகவர்கள், ஐயத்திற்குரிய நிரலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலும் பெற்றுள்ளன.

இம்முகவர்கள் எவற்றைத் திரட்டுவது, எத்தனை நிமிடங்களுக்கு ஒருமுறை திரட்டுவது, எந்த அளவைக் கடந்தால் எச்சரிப்பது, அவ்வெச்சரிக்கையை யாருக்கு அனுப்புவது, எச்சரிப்பதோடு நிற்பதா அல்லது தடுக்கவும் செய்வதா என்பனவற்றை மனிதர்களே வகுத்தளிக்கின்றனர். அத்தொகுப்பே கண்காணிப்புக் கொள்கை எனப்படுகிறது. எல்லாச் சேவையகங்களுக்கும் ஒரே கொள்கை பொருந்தாது. தேர்வு முடிவுகளை வெளியிடும் சேவையகத்தில், முடிவுகள் வெளியாகும் நாளன்று சுமை உச்சத்தைத் தொடுவது இயல்பு. அதே சுமை ஒரு நூலகத்தின் சேவையகத்தில் நள்ளிரவில் தோன்றினால், அது ஆராயத்தக்கது. ஆகவே, பணியின் தன்மைக்கேற்பச் சேவையகங்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிற்கும் உரிய கொள்கையை வகுத்தல் வேண்டும்.

கேட்பார் இல்லாத எச்சரிக்கை

எச்சரிக்கை எழுந்தால் மட்டும் போதாது; அதனைக் கேட்டுச் செயல்படும் பொறுப்பு ஒருவருக்கு இருத்தல் வேண்டும். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்குவணிக நிறுவனத்தின் வீழ்ச்சி இதற்குச் சான்றாகும். 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று அந்நிறுவனம் புதிய மென்பொருளுடன் வணிகத்தைத் தொடங்கியது. எட்டுச் சேவையகங்களில் ஏழில் மட்டுமே புதிய நிரல் முறையாக ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில் பல ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட பழைய நிரல் எஞ்சியிருந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு, கட்டுப்பாடின்றிப் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் நிறுவனம் 40 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பைச் சந்தித்தது.

இந்நிகழ்வில் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. சந்தை திறப்பதற்கு முன்னரே, பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களை அந்நிறுவனத்தின் கணினி அமைப்பு தானாகவே அனுப்பியிருந்தது. அவை ஊழியர்கள் பலரைச் சென்றடைந்தன. ஆயினும் அவற்றை எச்சரிக்கையாகக் கருத வேண்டும் என்ற நெறி அங்கு இல்லை. அவற்றைப் படித்துச் செயல்படுவது யார் பொறுப்பு என்பதும் வரையறுக்கப்படவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காற்று ஆணையம் 2013இல் வெளியிட்ட ஆணையில் இக்குறைகளைச் சுட்டிக்காட்டி, 1.2 கோடி டாலர் தண்டமும் விதித்தது.

பலருக்கும் பொதுவாக அனுப்பப்படும் எச்சரிக்கை எவருக்கும் உரியதாகாமல் போவதுண்டு. சிறிய நிகழ்வுகளுக்கெல்லாம் எச்சரித்துக்கொண்டே இருக்கும் அமைப்பிலும் இதே நிலை ஏற்படும். நாளொன்றுக்குப் பல நூறு எச்சரிக்கைகளைப் பெறும் ஊழியர், விரைவிலேயே அவற்றைப் பாராமல் கடந்து செல்லப் பழகிவிடுவார். உண்மையான ஆபத்தும் அக்கூட்டத்திற்குள் மறைந்துபோகும். எனவே, உடனே செயல்பட வேண்டியவற்றிற்கு மட்டுமே ஒருவரை எழுப்புவதும், ஏனையவற்றைப் பதிவேட்டில் சேர்த்துவைப்பதும் நற்கொள்கையின் இலக்கணமாகும்.

உறங்கிய காவல்

கண்காணிக்கும் கருவி செயலிழந்தால் அதனை அறிவது எவ்வாறு? திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இதையொத்த வினாவை எண்ணிப் பார்த்துள்ளது. ஒற்றர் ஒருவர் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக்கொண்டு ஒப்புநோக்கிய பின்னரே ஏற்க வேண்டும் என்பது அவ்வதிகாரம் கூறும் கருத்துகளுள் ஒன்று. காவலையும் சரிபார்க்க வேண்டும் என்னும் இத்தெளிவு, அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் இல்லாமற் போயிற்று.

2017ஆம் ஆண்டு மே மாதத்தில் ஊடுருவல்காரர்கள் அந்நிறுவனத்தின் கணினிகளுக்குள் நுழைந்து, 76 நாள்கள் எவர் கண்ணிலும் படாமல் தகவல்களைத் திருடினர். ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் தனிப்பட்ட விவரங்கள் களவாடப்பட்டன. மறையாக்கம் செய்யப்பட்ட தகவல் போக்குவரத்தை ஆராய்வதற்கான கருவி அங்கு இருந்தது. ஆயின், அது இயங்குவதற்குத் தேவையான எண்ணிமச் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்னரே காலாவதியாகியிருந்தது. கருவியின் வழியே தகவல்கள் ஆய்வின்றிக் கடந்து சென்றுகொண்டிருந்தன. ஜூலை 29 அன்று சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதும் ஐயத்திற்குரிய போக்குவரத்து ஊழியர்களின் பார்வைக்கு வந்தது. அதுவரை நிலவிய அமைதியை நலத்தின் அடையாளமாகவே அந்நிறுவனம் எண்ணியிருந்தது.

முகவரிடமிருந்து செய்தி வராமையும் ஒரு செய்தியே. குறித்த இடைவெளியில் ஒவ்வொரு முகவரும், தான் இயங்குவதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில் அதுவே எச்சரிக்கையாகக் கொள்ளப்பட வேண்டும். எந்தச் சேவையகத்தில் முகவர் நிறுவப்படவில்லை, எதில் நிறுத்தப்பட்டுள்ளது, எதன் சான்றிதழ் எந்நாளில் முடிவடைகிறது என்பனவற்றைக் காட்டும் பட்டியல் ஒன்றும் பேணப்பட வேண்டும்.

எல்லை வகுக்கப்படாத அதிகாரம்

காவலுக்குக் குறைவான அதிகாரம் இருப்பது ஒரு குறை எனில், எல்லையற்ற அதிகாரம் இருப்பது அதனினும் பெரிய குறை. பாதுகாப்பு முகவர்கள் பெரும்பாலும் இயக்க அமைப்பின் உள்மையத்தில் இயங்குகின்றன. தீய நிரல்களைத் தொடக்கத்திலேயே தடுப்பதற்கு அவ்விடம் தேவைப்படுகிறது. ஆனால், அங்கே நிகழும் ஒரு சிறு பிழை கணினி முழுவதையும் நிறுத்திவிடும்.

2024ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று நிகழ்ந்தது இதுவே. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குத் தன் முகவர்களுக்குப் புதுப்பிப்புக் கோப்பு ஒன்றை அனுப்பியது. அக்கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. முகவரின் நிரலோ 20 உள்ளீடுகளையே வழங்கியது. அவ்வொரு வேறுபாட்டால் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையைக் காட்டி நின்றன. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் செயலிழந்ததாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் அறுவை மருத்துவங்களை ஒத்திவைத்தன, இந்தியாவிலும் வானூர்திப் பயணியருக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன. செயலிழந்த கணினிகளுள் பலவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாக நேரில் சென்று சீர்செய்ய நேர்ந்தது.

வாடிக்கையாளர் நிறுவனங்களிடம் கொள்கையே இல்லை என்று கூறிவிட முடியாது. முகவரின் புதிய பதிப்பை உடனே ஏற்காமல், முந்தைய பதிப்பிலேயே நிற்கும் வசதி அவற்றிற்கு இருந்தது. ஆனால், அவ்வசதி மென்பொருளின் பதிப்புகளுக்கு மட்டுமே பொருந்தியது. அன்று அனுப்பப்பட்டது போன்ற விரைவுப் புதுப்பிப்புக் கோப்புகள் அதற்குள் அடங்கவில்லை. முன்வாசலைப் பூட்டியவர்கள் பக்கவாசல் ஒன்று இருப்பதை எண்ணவில்லை. இந்நிகழ்விற்குப் பின்னரே, இத்தகைய கோப்புகளையும் படிப்படியாக அனுப்பவும், ஏற்கும் காலத்தை வாடிக்கையாளரே முடிவு செய்யவும் வழி செய்யப்படும் என்று அந்நிறுவனம் அறிவித்தது.

விரைவும் நிதானமும்

கட்டுப்பாடுகள் காவலின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பது தொழில்நுட்பர் சிலரின் கருத்து. புதிய குறைபாடு ஒன்று வெளிப்பட்ட சில மணி நேரத்திலேயே தாக்குதல்கள் தொடங்கிவிடுகின்றன. பாதுகாப்புக் கோப்பு தாமதமானால் அந்த இடைவெளியில் கணினிகள் வீழ்ந்துவிடும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், நிதானம் என்பது பல நாள் தாமதம் அன்று. புதுப்பிப்பை முதலில் சிறு குழுவினதான கணினிகளுக்கு அனுப்பி, அவை நலமாக இயங்குவதை உறுதிசெய்துகொண்டு, பின்னர் ஏனையவற்றிற்கு விரிவுபடுத்தலாம். 2024இல் தோன்றிய பிழை, கோப்பு ஏற்றப்பட்டவுடனேயே கணினியை நிறுத்திய பிழை. ஒரு சிறு குழுவில் முதலில் ஏற்றியிருந்தால், அது சில நிமிடங்களிலேயே வெளிப்பட்டிருக்கும். அச்சில நிமிடப் பொறுமையை விலையாகக் கொடுக்க மறுத்தமையால், உலகம் பல நாள்களை விலையாகக் கொடுத்தது.

தெரிந்து தெளிவோம்

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நிறுவனங்கள் இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் அக்குழுவிற்குத் தெரிவித்தல் வேண்டும். தம் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள்களுக்குப் பாதுகாத்தலும் வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

இத்தகைய அரசு நெறிமுறைகள் தேவையானவையே. எனினும், பதிவேடு 180 நாள்கள் காக்கப்பட்டாலும் அதனைப் படிப்பவர் இல்லையெனில் பயன் இல்லை. ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டுமெனில், முதலில் நிகழ்வை அறிந்திருக்க வேண்டும். சட்டம் குறைந்தபட்ச எல்லையை வகுக்கும். அதற்கு உயிரூட்டும் கடமை ஒவ்வொரு நிறுவனத்திற்கும் உரியது.

நல்ல கண்காணிப்புக் கொள்கை சில வினாக்களுக்கு எழுத்து வடிவில் விடை தர வேண்டும். எது கண்காணிக்கப்படுகிறது? எச்சரிக்கை யாருக்குச் செல்கிறது? அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார்? முகவர் செயலிழந்தால் எவ்வாறு தெரியவரும்? முகவரை மாற்றியமைக்க யாருக்கு உரிமை உண்டு? மாற்றம் தவறாயின் பழைய நிலைக்கு மீள்வது எவ்வாறு? ஊழியர்களின் எந்தத் தகவலைத் திரட்டக் கூடாது? இவ்விடைகளை ஒருமுறை எழுதிவிட்டு அடுக்கில் வைத்துவிடலாகாது. புதிய சேவையகங்கள் சேர்கின்றன, பழையவை விலக்கப்படுகின்றன, ஊழியர்கள் மாறுகின்றனர். எனவே, கொள்கைக்குப் பொறுப்பேற்பவரின் பெயரும் அது மறுமுறை ஆராயப்பட வேண்டிய நாளும் அக்கொள்கையிலேயே இடம்பெறுதல் வேண்டும்.

கணினித் துறையில் புதியன படைப்போர்க்குக் கிடைக்கும் புகழ், இருப்பதைக் காப்போர்க்குக் கிடைப்பதில்லை. விபத்து நிகழாத நாளை எவரும் கொண்டாடுவதில்லை. ஆயினும், மருத்துவமனையின் கணினி தடையின்றி இயங்கும் ஒவ்வொரு நாளும், யாரோ ஒருவர் தெளிவாக வகுத்து, தவறாமல் சரிபார்த்துவரும் நெறியின் பயனே ஆகும். நாளை இத்துறையில் நுழையவிருக்கும் இளைஞர்கள் நிரல் எழுதும் திறனுடன், அந்நிரலைக் காக்கும் நெறியை வகுக்கும் பொறுப்பையும் கற்றுக்கொள்வது இன்றைய தேவையாகும்.