அட்டவணையை வாசிக்காத விமர்சனம்

அமெரிக்க ரயில் நிறுவனங்களின் இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதிச் சுவரொட்டிகளைக் கலைப்படைப்புகளாகக் கொண்டாடி, அவற்றோடு வெளிவந்த கால அட்டவணைகளை எண்களின் குப்பை என்று ஒதுக்கிய கட்டுரையொன்றுக்கு அண்மையில் பரிசு வழங்கப்பட்டிருக்கிறது. பரிசு யாருக்குப் போனது என்பது விவாதத்துக்குரியதன்று. ஆனால் படைப்பின் வடிவத்தை மட்டுமே பார்க்கும் உருவவாதத்தைப் புதைத்தாயிற்று என்று பல்லாண்டுகளாக அறிவித்துவரும் வட்டாரத்திலிருந்தே இத்தகைய தீர்ப்பு வருவது வியப்புக்குரியது.

1949 மார்ச் 20 அன்று சிகாகோவுக்கும் ஓக்லண்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ‘கலிபோர்னியா செஃபிர்’ ரயிலை எடுத்துக்கொள்ளலாம். பர்லிங்டன், ரியோ கிராண்டே, வெஸ்டர்ன் பசிபிக் ஆகிய மூன்று நிறுவனங்கள் கூட்டாக நடத்திய இவ்வண்டி, வேறு தடத்தில் போட்டியாக ஓடிய ‘சிட்டி ஆஃப் சான்பிரான்சிஸ்கோ’வைவிட ஏறத்தாழ 10 மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டது. எனவேதான் அதன் விளம்பரம் வேகத்தைப் பற்றி வாய்திறவாமல், கூரைக்கு மேல் கண்ணாடி மாடம் எழுப்பப்பட்ட ‘விஸ்டா டோம்’ பெட்டிகளையும் மலைக்காட்சிகளையும் முன்னிறுத்தியது. ஓவியர் தீட்டிய அக்காட்சியைப் பயணிக்கு உறுதிசெய்தது அட்டவணையே: பிற்பகலில் சிகாகோவை விட்ட வண்டி, மறுநாள் காலை டென்வரை அடைந்து, ராக்கி மலைகளைப் பகலிலும் நெவாடா பாலையை இரவிலும் கடந்து, மூன்றாம் நாள் காலையில் ஃபெதர் நதிப் பள்ளத்தாக்கைக் காட்டுமாறு நேரங்கள் வகுக்கப்பட்டிருந்தன. முற்பகல் நேரத்தை மெல்லிய எழுத்திலும் பிற்பகல் நேரத்தைத் தடித்த எழுத்திலும் அச்சிடுவது அமெரிக்க அட்டவணை மரபு. ஒரு பத்தியை மேலிருந்து கீழாக வாசித்தவருக்கு, எந்தக் காட்சி விற்பனைக்கு வைக்கப்பட்டது, எந்த நிலம் இருளில் மறைக்கப்பட்டது என்பது விளங்கிவிடும்.

அட்டவணையின் குறையே விளம்பரத்தின் கருப்பொருளானதும் உண்டு. கிழக்கிலிருந்து மேற்குக் கரைக்குச் செல்வோர் சிகாகோவில் இறங்கி வண்டி மாறவேண்டியிருந்ததைக் குத்திக்காட்டி, பன்றி வண்டி மாறாமலே நாட்டைக் கடக்கிறது, மனிதருக்கு அது வாய்க்கவில்லை என்று ராபர்ட் யங் தலைமையிலான செசபீக் அண்ட் ஒஹையோ ரயில் நிறுவனம் விளம்பரம் செய்தது. 1946இலேயே கரையிலிருந்து கரைக்கு மாறாமல் செல்லும் படுக்கைப் பெட்டிகள் ஓடத் தொடங்கின. சுவரொட்டியின் வண்ணச் சேர்க்கையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவோர் அட்டவணைக்கும் விளம்பரத்துக்கும் உள்ள இத்தொடர்பைக் காணத் தவறுவது, பிரதியைச் சூழலிலிருந்து பெயர்த்தெடுத்து வழிபடும் பழைய பழக்கத்தின் தொடர்ச்சியாகும்.

அட்டவணையையும் அப்படியே நம்பிவிட இயலாது. எல்மர் ஹெண்டர்சன் என்ற கறுப்பினப் பயணிக்கு 1942இல் சதர்ன் ரயில்வேயின் உணவுப் பெட்டியில் இடம் மறுக்கப்பட்டது. கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட மேசைகளைத் திரையிட்டுப் பிரித்த அந்நிறுவனத்தின் விதிமுறையை 1950இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டவிரோதமென்று தள்ளியது. உணவுப் பெட்டி உண்டு என்று சொல்லும் அட்டவணைக் குறிப்பு, யாருக்கு உண்டு என்பதைச் சொல்வதில்லை. வெண்ணிற மேசைவிரிப்பைத் தீட்டும் விளம்பர ஓவியம் அத்திரையைத் தீட்டுவதில்லை. இரண்டும் சொல்லாமல் விட்டதை நீதிமன்ற ஆவணம் சொல்கிறது.

நெடுஞ்சாலைகளும் விமானங்களும் பயணிகளைக் கவர்ந்தபின், 1970 மார்ச்சில் ‘கலிபோர்னியா செஃபிர்’ நின்றது; எஞ்சிய நெடுந்தூரப் பயணி ரயில்களுள் பலவற்றை 1971 மே 1 முதல் தேசியப் பயணி ரயில் நிறுவனமான ஆம்டிராக் ஏற்றது. பொற்காலம் என்ற சொல்லை அச்சுவரொட்டிகளின் மீது ஒட்டுவதற்கு முன், பரிசுக்குழுவினர் ஒரு கால அட்டவணையையும் ஒரு தீர்ப்புரையையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். அந்தச் சிறு உழைப்பைக்கூடச் செய்யாத எழுத்துக்கு விமர்சனம் என்ற பெயர் பொருந்தாது.