சொற்களுக்கும் புராணமா?

இங்கிலீஷ் கொச்சைச் சொல் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, "இது எப்படி வந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்து ஒரு கதை சொல்லுவது படித்தவர்கள் என்பவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. சொல்லுகிறவர் ஆதாரம் காட்டுவதுமில்லை. கேட்கிறவர் ஆதாரம் எங்கே என்று கேட்பதுமில்லை. கதை அழகாயிருந்தால் அதுவே உண்மை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புராணங்கள் வளர்ந்ததும் இந்த விதமாகத்தான் என்பதால், இதைச் சிறிது கவனிக்க வேண்டுமென்று கருதுகிறோம்.

முதலாவதாக, நம் ஊர் பஸ் கண்டக்டர் முதல் பள்ளிப் பிள்ளை வரை "சரி" என்னும் அர்த்தத்தில் சொல்லி வரும் "ஓ.கே." என்பதை எடுத்துக்கொள்ளுவோம். பிழையின்றி எழுதத் தெரியாத ஆண்ட்ரூ ஜாக்ஸன் என்ற அமெரிக்க ஜனாதிபதி எழுதியது இது என்று ஒரு கதை. அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் சொல் என்று மற்றொரு கதை. உட்ரோ வில்ஸன் என்ற ஜனாதிபதியே இந்த இரண்டாவது கதையை நம்பி, அதற்கேற்றபடி எழுத்துக்கூட்டி எழுதி வந்தார். கடைசியில் ஆலன் வாக்கர் ரீட் என்ற பேராசிரியர் பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்து 1963, 1964-ம் வருஷங்களில் உண்மையை வெளியிட்டார். பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்கள் சொற்களை வேண்டுமென்றே பிழையாக்கி, முதலெழுத்துக்களை மட்டும் அச்சிட்டு வேடிக்கை செய்து வந்தார்களாம். அப்படி "ஆல் கரெக்ட்" என்பதை "ஓல் கொரெக்ட்" என்று கெடுத்து, 1839 மார்ச்சு 23-ந் தேதி "பாஸ்டன் மார்னிங் போஸ்ட்" பத்திரிகையில் போட்டதுதான் "ஓ.கே." அடுத்த வருஷத்து எலெக்ஷனில் மார்ட்டின் வான் பியூரனுக்கு "ஓல்டு கிண்டர்ஹூக்" என்ற பட்டப்பெயர் இருந்ததால் அது நாடெங்கும் பரவிற்று. அவர் தோற்றுப்போனார், சொல் மாத்திரம் நிலைத்துவிட்டது.

இரண்டாவதாக, ஆடம்பரமானது என்று பொருள்படும் "போஷ்". இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பலில், வரும்போது இடப்புறமும் திரும்பும்போது வலப்புறமும் வெயில் குறைவாம். ஆகவே அவ்விடங்களைப் பிடித்த பணக்காரர்களின் டிக்கெட்டில் அதைக் குறிக்கும் நான்கு இங்கிலீஷ் வார்த்தைகளின் முதலெழுத்துக்களைக் குத்தினார்களாம்! இவ்வளவு டிக்கெட்டுகள் குத்தப்பட்டிருந்தால் ஒன்றாவது அகப்பட வேண்டாமா? இதுவரை ஒருவரும் ஒன்றையும் காட்டவில்லை. அகராதிக்காரர்கள் யோக்கியமாக, மூலம் நிச்சயமில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

உண்மையிலேயே இந்தியாவிலிருந்து கப்பலேறிய கொச்சைச் சொற்களும் உண்டு. நாசிக்குக்குப் பக்கத்திலுள்ள தேவ்லாலி ராணுவ முகாமில், தவணை முடிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊர் திரும்பக் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். வேலையின்மையாலும் காய்ச்சலாலும் அவர்களுக்குப் புத்தி தடுமாறுவதுண்டு. அதிலிருந்து "டூலாலி" என்றால் பைத்தியம் என்றாயிற்று. "விலாயத்" என்ற சொல் "பிளைட்டி" ஆகி இங்கிலாந்தைக் குறித்தது. 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில், ஊருக்குத் திருப்பியனுப்பப் போதுமான காயத்துக்கு "பிளைட்டிக் காயம்" என்றே பெயர். காயம் பட்டதற்குச் சந்தோஷப்படும்படி மனிதன் எவ்வளவு கஷ்டப்பட்டிருந்தால் இந்தச் சொல் பிறந்திருக்கும்!

ஒரு சொல்லுக்குத் தப்புக் கதை சொல்லுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். அந்தக் கதைகளில் பெருமை யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஒன்றில் ஜனாதிபதிக்கு, மற்றொன்றில் பணக்காரப் பிரயாணிக்கு. வாஸ்தவத்தில் கொச்சைச் சொற்களை உண்டாக்குகிறவர்கள் பெயர் தெரியாத சிப்பாய்களும், கூலிக்காரர்களும், அச்சாபீசில் வேலை செய்கிறவர்களுமேயாவார்கள். அவர்கள் உண்டாக்கியதை மேலே உள்ளவர்கள் பெயரில் எழுதி வைப்பது அநியாயமல்லவா? மேலும், சின்ன விஷயத்தில் ஆதாரம் கேட்காமல் பழகிய புத்தி, பெரிய விஷயத்தில் மாத்திரம் எப்படிக் கேட்கும்?

ஆகவே, ஒரு கொச்சைச் சொல்லின் அர்த்தம் தெரிய வேண்டுமானால் அதைப் பேசுகிறவர்களைக் கேளுங்கள். அதன் பிறப்பு தெரிய வேண்டுமானால் தேதி போட்ட காகிதத்தைக் கேளுங்கள். இரண்டும் இல்லாமல் கதை மாத்திரம் சொல்லுகிறவர் எவ்வளவு பெரிய பட்டதாரியானாலும், அவர் செய்வது காலட்சேபமே என்று சொல்லுவோம்.