மனமகிழ் மன்றமும் நமது பொறுப்பும்

மது ஹராம் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆயினும், அது எந்தப் பெயரில் நம் தெருவுக்குள் நுழைகிறது என்பதைப் பெரியவர்களாகிய நாம் கவனிப்பதில்லை. டாஸ்மாக் கடை திறக்கப்பட்டால் ஜமாஅத்தே திரண்டு எதிர்க்கிறது. 'மனமகிழ் மன்றம்' என்ற பலகையைக் கண்டாலோ, ஏதோ விளையாட்டுக் கழகம் என்றெண்ணிக் கடந்து செல்கிறோம்.

தமிழ்நாட்டில் இத்தகைய மன்றங்கள் மது பரிமாறுவதற்கு, 1981ஆம் ஆண்டின் மது உரிமம் மற்றும் அனுமதி விதிகளின்படி எப்.எல்.2 என்னும் உரிமம் வழங்கப்படுகிறது. இது மன்றத்தின் உறுப்பினர்களுக்கானது. தெருவில் செல்வோர் நுழைந்து அருந்துவதற்கானது அன்று. ஆனால், வாசலில் பணம் கொடுப்பவரெல்லாம் உறுப்பினராகிவிடுகின்றனர் என்பதே பல ஊர்களில் மக்கள் கூறும் குறை. அவ்வாறாயின் அது மன்றம் என்னும் பெயரில் நடக்கும் மதுக்கூடமே.

மதுவுடன் சீட்டாட்டமும் அங்கு இடம்பெறுகிறது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியது. செகந்திராபாத்திலுள்ள ஒரு மனமகிழ் மன்றம் தொடர்பான வழக்கு அது. ஆட்டத்தைக் கொண்டு மன்றம் இலாபம் ஈட்டினால் குற்றமாகலாம் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. நீதிமன்றத்தின் அளவுகோல் எதுவாயினும், பந்தயம் வைத்து ஆடுவது நமக்குச் சூதாட்டமே. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவையும் சூதையும் ஒருசேரத் தடுத்திருப்பதன் பொருத்தத்தை இம்மன்றங்கள் கண்முன் காட்டுகின்றன.

இனி, சொல்லக் கசப்பான ஒன்று. இத்தகைய மன்றங்களுக்குக் கட்டடம் வாடகைக்கு விடுவோரில் நம்மவரும் உளர். "உள்ளே நடப்பதற்கு நான் பொறுப்பன்று, நான் பெறுவது வாடகை மட்டுமே" என்பது அவர்களது விளக்கம். மது விஷயத்தில் அருந்துபவரை மட்டுமின்றி, பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் எனப் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஹதீஸ் உண்டு. மது விற்பனைக்கென்று அறிந்தே இடம் தருபவர் இதிலிருந்து தம்மை எவ்வாறு விலக்கிக்கொள்ள இயலும்? அந்த வாடகையில் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் செலுத்தலாமா, ஹஜ்ஜுக்குச் செல்லலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது அவசியம்.

அண்டை வீட்டார் செய்ய வேண்டியதும் உண்டு. 2023இல் திருமண மண்டபங்களிலும் சிறப்பு உரிமத்துடன் மது பரிமாற வழிசெய்யும் விதித்திருத்தம் வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்ததும் திருமண மண்டபங்கள் அதிலிருந்து நீக்கப்பட்டன. மக்கள் குரலுக்குப் பலன் உண்டு என்பதற்கு இது சான்று. உங்கள் பகுதியில் மன்றம் விதிமீறி நடந்தால், திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்தில், பிற சமயச் சகோதரர்களுடன் இணைந்து மனு அளியுங்கள். குடியால் சீரழியும் குடும்பத்தின் கண்ணீருக்குச் சமய வேறுபாடு இல்லை.

நம் இளைஞர் மாலைப் பொழுதில் கூடி மகிழ நாம் என்ன இடம் அமைத்துள்ளோம் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். மஹல்லாவுக்கு ஒரு நூலகமும் விளையாட்டுத் திடலும் இருந்தால், தவறான வாசல்களின் கவர்ச்சி குறையும்.

ஹலாலான வருவாயில் நிறைவு காணும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.