தலையிடியும் இருதயமும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. அச்சிரசின் ஒரு பாதியைப் பற்றி வருத்தும் நோயை ஒற்றைத் தலையிடி என்றும் கபாலக்குத்து என்றும் நம்மவர் வழங்குவர். வேர்க்கொம்பை அரைத்துப் பற்றுப்போட்டு, இருட்டறையிற் படுத்தெழுந்தால் மாறிவிடும் என்று அதனை எளிதாகக் கருதுவதும் நம்மவர் வழக்கமே. அந்நோய்க்கும் இருதயத்துக்கும் உள்ள உறவைக் குறித்து யூபிலி மலரிலே ஒரு தமிழாசிரியர் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நாம் வகுப்பறையிலே செய்த ஒரு பிழையே அதற்குக் காரணம்.

சில ஆண்டுகளின் முன் இலக்கணப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், பலகையிலே எழுத்துக்கள் பாதி மறைகின்றன, ஓரத்தில் மின்னல்போல நெளிந்து நெளிந்து ஏதோ ஒளிர்கின்றது" என்றான். புணர்ச்சி விதிக்கு அஞ்சி நடிக்கின்றான் என்றெண்ணி அவனைக் கடிந்து இருத்தினோம். அரைமணி நேரத்தில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். அவன் உரைத்தது பொய்யன்று, ஒற்றைத் தலையிடியின் முன்னறிகுறி என்று வைத்தியர் கூறக் கேட்டு நாணினோம். அன்றுதொட்டு இந்நோயைப்பற்றி வாசித்து வருகின்றோம்.

ஒற்றைத் தலையிடி உடையோருள் மூவரில் அல்லது நால்வரில் ஒருவருக்கே இம்முன்னறிகுறி தோன்றும். மூளையின் புறணியிலே நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வேகத்தில் ஓர் அலை பரவி, சென்ற இடமெல்லாம் நரம்புக் கலங்களின் தொழிலைச் சிறிதுநேரம் அடக்குகின்றது. பிரேசில் நாட்டவரான லெயாவோ 1944ஆம் ஆண்டில் முயலின் மூளையிலே இத்தகைய அலையைக் கண்டறிந்து வெளியிட்டார். அலை செல்லுமிடத்து இரத்தவோட்டமும் மாறுகின்றது. ஆகவே இது நரம்போடு மட்டும் நிற்பதன்று. குருதிக் குழாய்களையும் தொட்டுச் செல்வது.

அமெரிக்காவிலே 45 வயதும் அதற்கு மேலும் ஆன 27,840 பெண்களை ஏறத்தாழப் பத்தாண்டுகள் தொடர்ந்து அவதானித்து, அதன் பெறுபேற்றை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முன்னறிகுறியோடு கூடிய தலையிடி உடையோருக்கு மாரடைப்பும், மூளைக் குழாய் அடைபட்டு வரும் பாரிசவாதமும் ஏனையோரிலும் ஏறத்தாழ இருமடங்காக நேர்ந்தன. முன்னறிகுறி இல்லாத தலையிடிக்கு அவ்வாய்வில் இத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

மருந்துகளும் இவ்வுறவை உணர்த்துகின்றன. நெஞ்சுநோவுக்குக் கொடுத்த புரோப்பிரனலோல் ஒரு நோயாளியின் ஒற்றைத் தலையிடியையும் தணித்தமை 1966இல் வெளியாயிற்று. இன்று அம்மருந்து இரண்டிற்கும் உதவுகின்றது. மறுபுறம், தலையிடியை விரைந்து நிறுத்தும் சுமத்திரிப்தான் குருதிக் குழாய்களைச் சுருக்குவதால் இருதய நோயாளருக்குக் கொடுக்கப்படுவதில்லை.

நிற்க. இருமடங்கு என்றதும் எவரும் நடுங்கவேண்டா. மேற்கூறிய ஆய்வின்படி, முன்னறிகுறியினால் மிகுந்த இருதய, குருதிக்குழாய் நோய்கள் ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் பெண்களுக்குப் பதினெட்டே. இளைஞருக்கு ஆபத்து இன்னும் குறைவு. எனவே, இகழ்தலும் பிழை, அஞ்சுதலும் பிழை. தலையிடியை ஓர் அறிவித்தலாகக் கொள்வதே அறிவுடைமை என்பது நமது துணிபு.

அவ்வறிவித்தல் கேட்போர் செய்யத்தக்கவை அரியன அல்ல. புகைத்தலை அறவே விடுதல் வேண்டும். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் சீனியையும் காலந்தோறும் சோதித்தல் வேண்டும். முன்னறிகுறி உடைய பெண்கள் ஈஸ்திரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை உட்கொள்ளலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. கணவன்மாரும் இதனை அறிந்திருத்தல் நன்று. திடீரென வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, நாக்குளறினாலோ, "வழமையான தலையிடிதானே" என்று படுத்துவிடாது உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

பழைய மாணவர்களுள் வைத்தியராய் விளங்குவோர் பலர். ஆண்டுக்கொரு நாள் அவர்கள் தாம் பயின்ற மண்டபத்திலே அமர்ந்து, ஆசிரியர், பெற்றார், பழைய மாணவர் யாவருக்கும் இரத்த அழுத்தத்தைப் பார்த்து உதவுவார்களாயின், யூபிலி விளக்கு அணைந்த பின்னும் அதன் ஒளி நிலைக்கும். ஆசிரியராகிய நாமோ, பலகையில் எழுத்து மறைகின்றது என்று ஒரு பிள்ளை சொன்னால், முதலில் அதனை நம்புவோமாக.