காரியம் கெடுமுன் ஒரு சட்டத்தரணி
இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் சட்டத்தரணியைத் தேடிப் போவது பெரும்பாலும் காரியம் கெட்ட பிறகுதான். லயத்துக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் வரும். வாசித்துச் சொல்லக் கடைக்காரரையோ பள்ளிக்கூடப் பிள்ளையையோ தேடுவதற்குள் தவணை நெருங்கிவிடும். வேலைநீக்கம் என்றால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் மனுப் போட வேண்டும். அதைக் கோட்டை விட்டவர்கள் எத்தனை பேர்! அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தமிழில் வழக்குத் தொடரவும் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை தருகிறது. அதைக் கேட்டு வாங்கித் தர, நம் பேச்சுப் புரிந்த ஒருவரை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தோட்டத் தலைவர்மாரே, கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒரு சட்டத்தரணியைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். கட்டணத்தையும் கூச்சப்படாமல் முதலிலேயே கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்கு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் இரு நகரங்களிலும் இருக்கின்றன.