மோட்டார் காருக்குள் ஒளிந்திருந்த பொய்

மோட்டார் கார் பொய் சொல்லுமா? சொல்லும். பரீட்சை நடக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்த நேரத்துக்கு மட்டும் பரம யோக்கியனைப்போல் நடந்துகொள்ளும். 2015-ம் ஆண்டு செப்டம்பரில் இதை உலகம் அறிந்து திடுக்கிட்டது.

ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கம்பெனி விற்ற டீசல் கார்கள் சோதனைச் சாலையில் சுத்தமான புகை விட்டன. தெருவுக்கு வந்ததும், நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளைச் சட்டம் அனுமதித்ததற்கு 40 மடங்கு வரை கக்கின. உலகம் முழுவதிலும் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்தச் சூது இருந்ததைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

முதலில் சந்தேகத்தைக் கிளப்பியவர்கள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள். காரிலேயே கருவிகளை ஏற்றிச் சாலையில் ஓட்டி அளந்து, 2014-ல் அறிக்கை வெளியிட்டார்கள். புகை அதிகம் என்பது அதில் தெரிந்தது. ஆனால் ஏன் அதிகம்? அதற்கு விடை என்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

பெயர்ப் பலகை இல்லாத ஊர்

இக்காலக் கார் ஒவ்வொன்றிலும் ஓர் உலோகப் பெட்டி உண்டு. தண்ணீரின் சூடு, உள்ளே போகும் காற்று, என்ஜின் சுழலும் வேகம் ஆகியவற்றைச் சென்சார்கள் அளந்து அதற்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தகவலும் ஞாபகப் பகுதியில் ஒரு குறிப்பிட்ட அறையில் எண்ணாகப் பதிவாகிறது. அறைக்கு விலாசம் உண்டு. ஆனால் அதுவும் வெறும் எண்ணே. எந்த அறையில் எது இருக்கிறது என்ற பட்டியல் கம்பெனியாரிடம் இருக்கிறது. காருக்குப் பணம் கொடுத்தவருக்கு அது கிடைப்பதில்லை.

பட்டியல் இல்லாமல் கண்டுபிடிப்பது எப்படி? காரிலுள்ள பரிசோதனைச் சாக்கெட்டில் கருவியை மாட்டி, தண்ணீரின் சூடு எவ்வளவு என்று கேட்டால் பெட்டி ஓர் எண்ணைச் சொல்லும். அதில் 40-ஐக் கழித்தால் சென்டிகிரேட் அளவு வரும். காலையில் 70 என்றால் 30 டிகிரி. ஓடிச் சூடேறியபின் 130 என்றால் 90 டிகிரி. இரு வேளையும் ஞாபகப் பகுதியைப் பிரதி எடுத்து, 70 ஆக இருந்து 130 ஆக மாறிய அறை எது என்று தேடலாம்.

உள்ளே வேறு கணக்கில் எழுதியிருந்தால் இந்த உபாயம் பலிக்காது. அப்போது, கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டளைத் தொடரைப் பிடித்துக்கொண்டு, அது எந்த அறைக்குப் போய் எண்ணை எடுத்துவருகிறது என்று பின்தொடர வேண்டும். ஓர் அறை பிடிபட்டால் போதும். அதை வேறு யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

குட்டு வெளிப்பட்டது

ஜெர்மானிய நிபுணர் பெலிக்ஸ் டோம்கே இந்த வழியில்தான் உள்ளே புகுந்தார். 2015 டிசம்பரில் ஹாம்பர்க் நகர மாநாட்டில் தாம் கண்டதை விளக்கினார். கார் கிளம்பி எவ்வளவு நேரமாயிற்று, எவ்வளவு தூரம் ஓடியது என்ற இரண்டையும் பெட்டி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. ஐரோப்பியச் சோதனை 1180 விநாடியில் சுமார் 11 கிலோமீட்டர் ஓடும் மாறாத ஓட்டம். நேரமும் தூரமும் அந்தக் கணக்கோடு பொருந்தினால் நல்ல பிள்ளை. பொருந்தாவிட்டால் புகையைச் சுத்தம் செய்யும் மருந்துநீரைக் குறைத்துவிடும்! இதற்கு உள்ளே வைத்திருந்த பெயரோ, சத்தம் சம்பந்தமான ஏதோ ஏற்பாடு என்று எண்ணும்படி இருந்தது.

2017-ல் ஜெர்மன், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, இத்தகைய பெட்டிகளின் நிரல்களில் 900-க்கு மேற்பட்டவற்றைச் சோதித்து இந்தச் சூதை உறுதிசெய்தார்கள்.

பூட்டு யாருக்காக?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காரின் நிரலில் உள்ள பூட்டை உடைத்துப் பார்ப்பதை அமெரிக்காவின் 1998-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் தடுத்தது. கார் சொந்தக்காரர்களுக்கு விலக்கு அளிக்கலாமா என்ற கேள்வி 2015-ல் எழுந்தபோது, அதை எதிர்த்தவர்களில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவும் ஒன்று! ஜனங்கள் கைவைத்தால் புகை அதிகமாகும் என்று அந்த இலாகா ஜூலையில் எழுதிற்று. செப்டம்பரில் வோக்ஸ்வேகன்மீது குற்றம் சாட்டியதும் அதே இலாகாதான். வெளியாரைத் தடுக்கப் போட்ட பூட்டு, உள்ளே இருந்த திருட்டுக்கும் காவலாக நின்றது. அக்டோபரில் விலக்கு வழங்கப்பட்டது. ஆனாலும் கார்களுக்கு அது அமலுக்கு வர மேலும் ஓராண்டு ஆயிற்று.

இலாகாவின் பயம் முற்றிலும் வீண் என்று சொல்வதற்கில்லை. வேகத்துக்கு ஆசைப்பட்டுப் புகைக் கட்டுப்பாட்டையே நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் படிப்பது வேறு, திருத்துவது வேறு. கணக்குப் புத்தகத்தைத் திருத்துகிறவனைத் தண்டிக்கலாம். அதற்காகக் கணக்கையே யாரும் பார்க்கக்கூடாது என்றால் தணிக்கை எப்படி நடக்கும்?

நம் நாட்டுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. அதே கம்பெனி 2015 டிசம்பரில் இந்தியாவிலும் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்களைத் திருப்பி அழைத்துச் சரிசெய்ய முன்வந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களில் பெரும்பாலோர் கார் வாங்கியவர்கள் அல்ல. பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களும் பள்ளிக்கு நடந்துபோன குழந்தைகளும்தான்.

பரீட்சைத் தாளை மட்டும் பார்த்து மார்க் போட்ட காலம் முடிந்துவிட்டது. பெட்டிக்குள் எந்த அறையில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் சோதனை அதிகாரியின் மேஜைக்கு வரவேண்டும். அது வராத வரையில், பொறுமையாக உட்கார்ந்து அறை அறையாகத் தட்டிப் பார்க்கிறவர்களைத் திருடர்களாக நடத்தாமலாவது இருக்க வேண்டும். திருடனைக் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்தானே!