அப்பா சொன்ன "மூண்டு"

இந்த வார எபிசோடில் நரம்பை உறைய வைக்கிற கிரையோ ப்ரோப் பற்றிக் கதைத்தோம். அதில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கு.

போன வருஷம் அப்பாவுக்கு நுரையீரலில் ஆபரேஷன், விலாவுக்கு நடுவால் திறந்து செய்தது. அடுத்த நாள் நர்ஸ் வந்து, நோவுக்குப் பத்துக்குள்ளே ஒரு நம்பர் கேட்டா. "மூண்டு எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அப்பா. நானும் மூன்று என்றே மொழிபெயர்த்தேன். இருமப் பயந்து அவர் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தது என் கண்ணுக்கு முன்னாலதான். நாலாம் நாள் நிமோனியா.

விலா நோவில் சிக்கலே இதுதான். ஆழமா மூச்சு எடுக்காட்டி சளி வெளியே வராது. ஓபியாய்ட் கூடக் கொடுத்தால் மூச்சே மந்தமாகும், மலச்சிக்கல் வேற.

கிரையோ முறையில், ஆபரேஷன் நடக்கும்போதே சர்ஜன் விலாக்களுக்கு இடையில் ஓடும் நரம்பில் ப்ரோபின் நுனியை வைப்பார். உள்ளே நைட்ரஸ் ஆக்சைடு சின்னத் துளையால் பாய்ந்து விரியும். நுனி மைனஸ் 60 டிகிரி அளவுக்குக் குளிரும். ஒரு நரம்புக்கு ஏறக்குறைய 2 நிமிஷம். நரம்பிழை செத்துப்போகும், சுற்றியிருக்கிற உறை தப்பும். அந்த உறைக்குள்ளால் நாளுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இழை திரும்ப வளரும். அதுவரை, மாசக்கணக்கில், நோவு மூளைக்குப் போகாது. எனக்கு இதில் பிடிச்சது, குளிர் கூடினாலும் பிழை என்பது: மைனஸ் 100க்குக் கீழே போனால் உறையும் கெட்டுவிடும்.

ஐடியா பழசு, 1976இல் லான்செட்டில் வந்தது. நெஞ்சு உள்வாங்கின பிள்ளைகளுக்குச் செய்யும் நஸ் ஆபரேஷனில் இப்ப நல்லாப் பரவியிருக்கு. நாலைந்து நாள் வார்டில் கிடந்த பிள்ளைகள் பல இடங்களில் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போகினம்.

மாயம் ஒன்றுமில்லை. முதல் நாள் முழுசா வேலை செய்யாது, வேறு மருந்தும் வேணும். நெஞ்சுத் தோல் மரத்துப்போகும். சிலருக்கு, முக்கியமா பெரியவர்களுக்கு, நரம்பு வளரும்போது எரிவும் குத்தலும் வரலாம். அப்பாவுக்கு அது சரியாக இருந்திருக்குமா என்று நான் அடிச்சுச் சொல்லமாட்டேன்.

ஆனா ஆபரேஷனுக்கு முந்தின சந்திப்பில் நான் கேட்டது பார்க்கிங் எங்கே, எத்தனை மணிக்கு வந்து பார்க்கலாம் என்பதுதான். நோவுக்கு என்ன பிளான், நரம்பு பிளாக் போடுவீங்களா, கிரையோ இங்கே செய்வீங்களா? ஒன்றும் கேட்கவில்லை. நம்மில் பலர் எட்டு வயசிலிருந்தே அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்க்கிறோம். சொன்னதை மட்டும் மாற்றிச் சொன்னால் போதாது என்பது என் கருத்து. "மூன்று என்கிறார், ஆனா இருமப் பயப்படுறார்" என்று நான் சேர்த்துச் சொல்லியிருக்கவேணும்.

அடுத்த மாசம் அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன். கேள்விகளை போனில் எழுதி வைச்சிருக்கிறன். அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை.